மொரோங்கோ படுகைக்குக் கிளம்புகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

தெற்கு கலிஃபோர்னியாவில் இருக்கிறேன். வருஷத்துக்கு நாலைந்து தடவை 62ஆம் நெடுஞ்சாலையில் ஏறி ஜாஷுவா ட்ரீ பக்கம் போய்விடுவேன். இது தெரிந்தவர்களுக்கெல்லாம் தெரியும், அதனால் நவம்பர் பிறந்தால் போதும், வாட்ஸ்அப்பில் அதே கேள்விகள் வரிசையாக வர ஆரம்பித்துவிடும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டித் தட்டி அலுத்துப்போய் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன், பெயர்கள் மட்டும் இல்லை.

"நீங்க மொரோங்கோ பேசின்னு சொல்றீங்க, மத்தவங்க ஜாஷுவா ட்ரீன்னு சொல்றாங்க. ரெண்டும் ஒண்ணா?"

ஜாஷுவா ட்ரீ என்ற ஒரே பெயரில் ஒரு மரம், ஒரு ஊர், ஒரு தேசியப் பூங்கா என்று மூன்று இருப்பதால் வரும் குழப்பம் இது. மொரோங்கோ படுகை என்பது அந்தப் பூங்காவின் வடக்கு விளிம்பை ஒட்டிக் கிடக்கும் ஊர்களின் தொகுதி. 62ஆம் சாலையில் மேற்கிலிருந்து கிழக்கே போனால் மொரோங்கோ வேலி, யக்கா வேலி, ஜாஷுவா ட்ரீ, ட்வென்டிநைன் பாம்ஸ், அதற்கும் அப்பால் வீடுகள் சிதறிக் கிடக்கும் வொண்டர் வேலி. யக்கா வேலியிலிருந்து மலைப் பக்கம் திரும்பினால் பயனியர்டவுன், வடக்கே 247ஆம் சாலையில் போனால் லேண்டர்ஸ், ஜான்சன் வேலி.

இவற்றில் தனி நகராட்சி உள்ளவை இரண்டுதான்: ட்வென்டிநைன் பாம்ஸ் 1987இலும் யக்கா வேலி 1991இலும் நகராட்சி ஆயின, இரண்டிலும் மக்கள்தொகை 20 ஆயிரத்துக்கு மேல். உலகத்துக்கே பெயர் தெரிந்த ஜாஷுவா ட்ரீ ஊருக்கு நகராட்சி கிடையாது, சான் பெர்னார்டினோ கவுண்டிதான் (நம்மூர் மாவட்டம் மாதிரி) பார்த்துக்கொள்கிறது.

"படுகைன்னா பள்ளமா இருக்கணும். நாங்க மேல மேல ஏறித்தானே போனோம்?"

ஏறித்தான் போகவேண்டும். பாம் ஸ்பிரிங்ஸ் பக்கத்துச் சமவெளியிலிருந்து இரண்டு ஏற்றங்கள் உண்டு, முதல் ஏற்றத்தில் மொரோங்கோ வேலி, இரண்டாவதில் யக்கா வேலி. யக்கா வேலி கடல்மட்டத்துக்கு மேலே சுமார் 3,300 அடி. அங்கிருந்து கிழக்கே இறங்கிக்கொண்டே போனால் ட்வென்டிநைன் பாம்ஸ் சுமார் 2,000 அடி.

படுகை என்பதற்கு இங்கே பொருள், சுற்றிலும் மலை, நடுவில் விழுகிற மழைத் தண்ணீர் கடலுக்குப் போக வழியில்லை என்பதுதான். ஓடைகள் ஓடிப்போய் ஏதாவது ஒரு வறண்ட ஏரியில் முடிந்துவிடும், அங்கே தண்ணீர் வற்றி வெள்ளையாக உப்பும் களிமண்ணும் மட்டும் படிந்திருக்கும். மொரோங்கோ வேலி கொஞ்சம் விதிவிலக்கு, அதன் ஓடை தெற்கே கோச்செல்லா பள்ளத்தாக்குப் பக்கம் இறங்குகிறது. அதுவும் கடலைப் பார்க்கப்போவதில்லை.

"மணலே காணோமே, இதெப்படிப் பாலைவனம்?"

பாலைவனம் என்றதும் ராஜஸ்தான் மணல்மேடும் ஒட்டகமும் மனதில் வந்தால் இந்தக் கேள்வி வரும். மழை மிகக் குறைவு என்பதுதான் கணக்கு, மணல் இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. இங்கே பெரும்பாலும் பாறை, சரளை, புதர்.

சுவாரஸ்யம் என்னவென்றால் பூங்காவுக்குள் இரண்டு பாலைவனங்கள் சந்திக்கின்றன. சுமார் 3,000 அடிக்கு மேலே மொஹாவி, கீழே கொலராடோ பாலைவனம், இது சொனோரனின் ஒரு பகுதி. மேலே ஜாஷுவா மரங்கள், கீழே அவை சட்டென்று காணாமல் போய் கிரியோசோட் புதர்களும் சோயா கள்ளிகளும் வந்துவிடும். பிண்ட்டோ பேசின் சாலையில் தெற்கே இறங்கும்போது கார் கண்ணாடி வழியாகவே இந்த மாற்றத்தைப் பார்க்கலாம். நான் கூட்டிப்போன ஆட்களில் பாதிப் பேர் அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

"ஜாஷுவா மரம் மரமா, கள்ளியா?"

கள்ளி இல்லை. யக்கா வகைச் செடி, கற்றாழை போலிருக்கும் நம்மூர் ஆனைக்கற்றாழைக்குச் சொந்தக்காரன். வெட்டினால் உள்ளே ஆண்டு வளையம் இருக்காது, அதனால் வயதை எண்ணிச் சொல்ல முடியாது, உயரத்தை வைத்து ஊகிக்கத்தான் முடியும். வருஷத்துக்கு அரை அங்குலத்திலிருந்து மூன்று அங்குலம் வரை வளரும். சராசரியாக 150 வருஷம் வாழும் என்கிறார்கள்.

இதன் பூவில் மகரந்தம் சேர்ப்பது ஒரே ஒரு வேலையாள், யக்கா அந்துப்பூச்சி. அந்தப் பூச்சி மகரந்தத்தைத் திரட்டி உருட்டி எடுத்துவந்து, பூவில் முட்டையிட்டு, அதே பூவில் மகரந்தத்தையும் வைக்கும். புழு வந்து கொஞ்சம் விதைகளைத் தின்னும், மிச்சம் மரத்துக்கு. பூச்சி இல்லையென்றால் விதை இல்லை, மரம் இல்லையென்றால் பூச்சி இல்லை. கிளையில் ஊஞ்சல் கட்டுவது, தோளில் சாய்ந்து படம் எடுப்பது எல்லாம் தயவுசெய்து வேண்டாம். வேர் ஆழமாகப் போகாத மரம் அது, இலை நுனியோ ஊசி.

"பாறைகளை யாரோ அடுக்கிவச்ச மாதிரி இருக்கே, எப்படி?"

என் அம்மா மகாபலிபுரத்து வெண்ணெய்ப் பாறையை நினைத்துக்கொண்டு இதைக் கேட்டார். இரண்டும் கருங்கல் இனம்தான், உருண்டையாவதும் ஏறக்குறைய ஒரே வழியில்தான்.

10 கோடி வருஷங்களுக்கும் முன்னால் பூமிக்கு அடியில் குழம்பாக இருந்தது மெதுவாக இறுகி மான்சோகிரானைட் என்ற கல்லானது. இறுகும்போதும் மேலே இருந்த பாரம் குறையும்போதும் குறுக்கும் நெடுக்குமாக விரிசல் விட்டது. இங்கே ஈரம் இருந்த காலத்தில் நிலத்தடி நீர் அந்த விரிசல்களில் இறங்கி மூலைகளை முதலில் அரித்தது, சதுரக் கட்டி உருண்டையானது, இதெல்லாம் மண்ணுக்குள்ளேயே நடந்தது. பிறகு காலநிலை வறண்டு, மேல்மண்ணை வெள்ளம் அடித்துப்போக, உருண்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்துவிட்டன. பூங்காவில் ஹிடன் வேலி, ஸ்கல் ராக், ஜம்போ ராக்ஸ் மூன்றிலும் இதே கதைதான்.

"லாஸ் ஏஞ்சலஸ்ல இருந்து காலைல போய் சாயங்காலம் வந்துடலாமா?"

வரலாம். 140 மைல், நெரிசல் இல்லாவிட்டால் இரண்டரை மணி நேரம். ஆனால் போக வர ஐந்து மணி நேரம் காரில் உட்கார்ந்துவிட்டு மூன்று மணி நேரம் பாறைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு வருவதற்கு, நான் கூட வரமாட்டேன். ஒரு இரவு தங்குங்கள். பூங்காவின் மேற்கு வாசல் ஜாஷுவா ட்ரீ ஊரில், வடக்கு வாசல் ட்வென்டிநைன் பாம்ஸில், தெற்கு வாசல் 10ஆம் நெடுஞ்சாலையை ஒட்டி காட்டன்வுட்டில். மேற்கில் நுழைந்து வடக்கில் வெளியே வந்தால் முக்கியமானதெல்லாம் வழியிலேயே வந்துவிடும். நுழைவுக் கட்டணம் காருக்கு 30 டாலர், ஏழு நாள் செல்லும்.

சனிக்கிழமை பத்து மணிக்கு மேற்கு வாசலுக்குப் போகாதீர்கள். வருஷத்துக்கு ஏறக்குறைய 30 லட்சம் பேர் வருகிற இடம், அவர்களில் பாதிப் பேர் அதே நேரத்தில் அதே வாசலில் நிற்கிற மாதிரி இருக்கும்.

"ஜூலைல பசங்களுக்கு லீவு, அப்ப போலாமா?"

வேண்டாம். வெயில் 100 பாரன்ஹீட்டுக்கு மேல் சாதாரணம், ட்வென்டிநைன் பாம்ஸ் யக்கா வேலியைவிட உயரத்தில் தாழ்ந்தது, அதனால் இன்னும் சூடு. ஜூலை முதல் செப்டம்பர் வரை திடீர் மழையும் உண்டு. எங்கோ மலையில் பெய்தால் இங்கே காய்ந்த ஓடையில் வெள்ளம் வரும், சாலை மறைந்துவிடும்.

அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை நல்லது. மார்ச், ஏப்ரலில் மழை ஒத்துழைத்தால் பூக்கள். டிசம்பரில் இரவு உறைநிலைக்குக் கீழே போகும், சில வருஷம் பனியும் விழும், சென்னையிலிருந்து வந்த விருந்தாளிகளுக்கு ஸ்வெட்டர் போதாது.

"உள்ள சாப்பாடு, தண்ணி, பெட்ரோல் கிடைக்குமா?"

பெட்ரோலும் இல்லை, கடையும் இல்லை. குடிதண்ணீர் விளிம்பில் உள்ள சில இடங்களில் மட்டும், மேற்கு வாசல், காட்டன்வுட் மாதிரி. ஆளுக்கு நாளுக்கு ஒரு காலன் என்பது குறைந்தபட்சம், நடக்கப்போகிறீர்கள் என்றால் இரண்டு. யக்கா வேலியில் பெரிய கடைகள் எல்லாம் இருக்கின்றன, அங்கேயே டாங்க்கை நிரப்பிக்கொள்ளுங்கள். தயிர் சாதம், புளியோதரை கட்டிக்கொண்டு போவதுதான் புத்திசாலித்தனம், சைவக்காரர்களுக்கு இது இரட்டிப்பு உண்மை.

போனில் சிக்னலும் உள்ளே பெரும்பாலும் கிடையாது. முதல் தடவை நான் வரைபடத்தை இறக்கி வைக்காமல் போய், எதிர்ப்பக்கம் 20 மைல் ஓட்டி, டாங்க்கில் கால்வாசியோடு காட்டன்வுட் பக்கம் முழித்துக்கொண்டு நின்றேன்.

"சோயா கள்ளி பாய்ஞ்சு ஒட்டிக்கும்னு சொல்றாங்களே, நிஜமா?"

சோயா பீன்ஸ் இல்லை, cholla என்ற பெயரை ஏறக்குறைய 'ச்சோயா' என்று உச்சரிக்கிறார்கள். பாயாது. ஆனால் அதன் துண்டுகள் லேசாகப் பட்டாலே கழன்று வந்து ஒட்டிக்கொள்ளும், முள்ளின் நுனியில் பின்பக்கமாகத் திரும்பிய நுண்ணிய செதில்கள் இருப்பதால் உள்ளே போவது சுலபம், வெளியே வருவது கஷ்டம். மேலே சொன்ன பிண்ட்டோ பேசின் சாலையில் சோயாத் தோட்டம் ஒன்று இருக்கிறது, கால் மைல் நடைபாதை, சூரிய உதயத்தில் முள்ளெல்லாம் வெளிச்சமாகி நிற்கும், பார்க்கவே ஏதோ பஞ்சு பொம்மை போல இருக்கும். என் தம்பி மகனும் பஞ்சு என்றுதான் நினைத்தான்.

கையால் பிடுங்காதீர்கள், அந்தக் கையிலும் ஒட்டும். ஒரு சீப்பை அடியில் கொடுத்து ஒரே தெறிப்பில் தட்டிவிடவேண்டும். எங்களுக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பெரியம்மா பையிலிருந்து சீப்பை எடுத்து அதைச் செய்தார், அன்றிலிருந்து காரில் ஒரு சீப்பு நிரந்தரமாக இருக்கிறது.

"அம்மா அப்பா வந்திருக்காங்க, முட்டி வலி. அவங்களுக்கு என்ன காட்டலாம்?"

நிறைய. கீஸ் வியூ 5,185 அடி உயரம், கார் அதுவரை போகும். கீழே கோச்செல்லா பள்ளத்தாக்கு, அதன் நடுவே பூமித்தட்டுகள் உரசும் சான் ஆண்ட்ரியாஸ் பிளவு, தூரத்தில் சால்ட்டன் கடல், எதிரே சான் ஹசிண்ட்டோ மலை. காற்று பிய்க்கும், அப்பாவுக்குக் குல்லாய் எடுத்துப்போங்கள். கேப் ராக்கைச் சுற்றி அரை மைலுக்கும் குறைவான சமதளப் பாதை உண்டு.

என் முதல் சிபாரிசு மொரோங்கோ வேலியில் இருக்கும் பிக் மொரோங்கோ கேன்யன் காப்பகம். கட்டணம் இல்லை. பாலைவனத்துக்கு நடுவில் காட்டன்வுட், வில்லோ மரங்கள் நெருக்கமாக நிற்கும் ஈரமான இடம், மரப்பலகை நடைபாதை போட்டிருக்கிறார்கள். 250க்கும் மேற்பட்ட பறவை இனங்களை இங்கே பதிவு செய்திருக்கிறார்கள். பெஞ்சில் உட்கார்ந்தாலே போதும், பறவை அவர்களைத் தேடி வரும்.

"பாலைவனத்துல அவ்வளவு தண்ணி எப்படி?"

பிளவுதான் காரணம். நிலம் உடைந்து இரு பக்கமும் ஒன்றை ஒன்று உரசுகிற இடத்தில் கல் பொடியாகி களிமண் போல ஒரு சுவராகிவிடும், நிலத்தடியில் ஓடிவரும் நீர் அதைத் தாண்ட முடியாமல் மேலே எழும்பும். பிக் மொரோங்கோவில் அப்படித்தான், ட்வென்டிநைன் பாம்ஸில் மாரா பாலைச்சோலையிலும் அப்படித்தான், அங்கே பிண்ட்டோ மலைப் பிளவு. இந்தப் படுகையில் பச்சையாக ஒரு கோடு தெரிந்தால் கீழே பிளவு இருக்கிறதா என்று பாருங்கள். ஆட்கள் முதலில் குடியிருந்ததும் அந்தக் கோட்டில்தான்.

"29 பனைன்னு ஊருக்குப் பேரு. எண்ணிப் பார்த்தீங்களா?"

எண்ணினேன், கணக்கு இடித்தது. கதை இது: செரானோ பழங்குடி மக்கள் இங்கே வந்தபோது, இந்த இடத்தில் ஆண் குழந்தைகள் நிறையப் பிறக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு பனை நடுங்கள் என்று அவர்களுடைய வைத்தியர் சொன்னார், முதல் வருஷம் 29 நட்டார்கள். பெண் குழந்தைகளுக்கு ஏன் நடவில்லை என்று என் மகள் கேட்டாள், என்னிடம் பதில் இல்லை. மாரா என்பது அவர்கள் வைத்த பெயர், சிறு ஊற்றுகளும் நிறையப் புல்லும் உள்ள இடம் என்று பொருள் சொல்கிறார்கள். பின்னால் செமவேவி மக்களும் வந்து சேர்ந்தார்கள். வெளியிலிருந்து தங்கம் தேடுகிறவர்களும் மாட்டுக்காரர்களும் வந்து குவிய, 1913க்குள் பழங்குடிகள் இங்கே இருப்பதை விட்டுவிட்டார்கள்.

அந்தப் பனை கலிஃபோர்னியாவுக்குச் சொந்தமான விசிறிப் பனை. பழத்தைத் தின்றார்கள், ஓலையால் கூரை வேய்ந்தார்கள், நம் ஊர்ப் பனையோடு பழகியவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது. 2018இல் ஒருவர் வைத்த தீயில் பழைய மரங்கள் சில கருகின.

"மொரோங்கோ கசினோ அங்கதானே? போற வழியில ஒரு கை பார்க்கலாம்னு..."

அது வேறு இடம். 10ஆம் நெடுஞ்சாலையில் கபசோனில் உயரமாக நிற்கிற கசினோ அது, 62க்குத் திரும்புவதற்கு முன்னாலேயே வந்துவிடும். மொரோங்கோ பழங்குடி அமைப்பின் நிலமும் அந்தக் கணவாய்ப் பகுதியில்தான். பெயர் மட்டும்தான் பொது. ட்வென்டிநைன் பாம்ஸில் ஒரு கசினோ உண்டு, அதை நடத்துவது முந்தைய பதிலில் சொன்ன செமவேவி மக்களின் வழிவந்த அமைப்பு. சுருட்டி வீசிய பணம் கடைசியில் அந்த மண்ணுக்காரர்களிடமே போகிறது என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

"இந்த வறட்சியில போய் யார் குடியிருப்பாங்க? என்ன வேலை?"

முதல் உலகப் போரில் விஷவாயு பட்டு நுரையீரல் கெட்ட சிப்பாய்களை, காய்ந்த காற்று நல்லது என்று பாசடீனாவைச் சேர்ந்த டாக்டர் ஜேம்ஸ் லக்கி 1920களில் ட்வென்டிநைன் பாம்ஸுக்கு அனுப்பினார். நிறையப் பேர் நிலம் வாங்கி அங்கேயே தங்கிவிட்டார்கள். பிறகு 1938இல் ஒரு சட்டம் வந்தது, ஐந்து ஏக்கர் துண்டுகளை அரசு கிட்டத்தட்ட சும்மா கொடுத்தது, ஒரு சின்ன வீடு கட்டிக் காட்டினால் சொந்தம். முயல் வீடுகள் என்று கேலியாகப் பெயர். வொண்டர் வேலியில் கதவு ஜன்னல் இல்லாமல் இன்னும் நிற்கும் ஒற்றை அறைகள் அவைதான்.

இன்றைக்கு மிகப் பெரிய சம்பளக்காரர் ட்வென்டிநைன் பாம்ஸின் மரைன் தளம், 1952இல் வந்தது, மரைன் படையின் தளங்களிலேயே பெரியது. இரவில் வடக்கே தொலைவில் இடி மாதிரி கேட்டு ஜன்னல் அதிர்ந்தால் அது பயிற்சிக் குண்டு, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கலாம். அப்புறம் கலைஞர்கள். 1989இல் லாஸ் ஏஞ்சலஸை விட்டு வந்த நோவா ப்யூரிஃபாய் என்ற சிற்பி, சாகும்வரை 15 வருஷம் குப்பையில் போட்ட கழிப்பறைப் பீங்கான், டயர், தகரத்தையெல்லாம் வைத்து 10 ஏக்கரில் சிலைகள் செய்தார். 2004இல் இறந்தார். இலவசம், போகாமல் வராதீர்கள், பூங்காவில் ஒரு பாறையைக் குறைத்தாவது இங்கே போங்கள்.

"பயனியர்டவுன் நிஜ ஊரா, சினிமா செட்டா?"

இரண்டும். 1946இல் ராய் ராஜர்ஸ், டிக் கர்ட்டிஸ் போன்ற கௌபாய் நடிகர்கள் காசு போட்டு 1880களின் தெரு மாதிரி கட்டினார்கள். வெளியே படப்பிடிப்பு, உள்ளே நடிகர்கள் தங்க நிஜ அறைகள். படங்கள் நின்றுபோனபின் ஆட்கள் அங்கேயே வாழ ஆரம்பித்துவிட்டார்கள், தபால் நிலையம்கூட உண்டு. 2006 காட்டுத்தீயில் சுற்றுப்புறம் எரிந்தது, அந்தத் தெரு தப்பியது. வீட்டு வாசலில் போய் நின்று செட் என்று நினைத்துக் கதவைத் தட்டாதீர்கள், செய்த ஒருவரை எனக்குத் தெரியும்.

"லேண்டர்ஸ்ல வேற்றுகிரகவாசி கட்டச் சொன்ன கட்டடம் இருக்காமே?"

ஜயன்ட் ராக் என்று ஏழு மாடி உயரத் தனிப்பாறை. ஜார்ஜ் வான் டாசல் என்ற விமானத் தொழில்நுட்பக்காரர் 1947 முதல் அதன் பக்கத்தில் சின்ன விமான ஓடுதளம் நடத்தினார். வெள்ளி கிரகத்திலிருந்து ஒருவர் வந்து, உடலைப் புதுப்பிக்கும் கருவிக்கு வழி சொன்னதாகச் சொல்லி, மரத்தால் வெள்ளை வளைமாடம் ஒன்றைக் கட்டினார். அதுதான் இன்டகிராட்ரான். 1978இல் அவர் இறக்கும்போது கருவி முடிந்திருக்கவில்லை. இப்போது அங்கே படுத்துக்கொண்டு கிண்ண ஒலி கேட்கலாம், முன்பதிவு வேண்டும். இளமை திரும்பியதா என்று கேட்காதீர்கள், எனக்குத் தூக்கம் நன்றாக வந்தது. ஜயன்ட் ராக்கில் 2000இல் ஒரு பெரிய துண்டு பிளந்து விழுந்தது.

"பிளவு பிளவுன்னு சொல்றீங்க, அங்க தங்க பயமா இல்லையா?"

1992 ஜூன் 28 காலை 4:57க்கு லேண்டர்ஸில் 7.3 அளவில் நிலநடுக்கம் வந்தது. தரை சுமார் 85 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிழிந்தது, சில இடங்களில் சாலையின் இரு பாதிகள் பல அடி விலகி நின்றன. மூன்று மணி நேரத்தில் பிக் பேரில் 6.5. யக்கா வேலியில் புகைபோக்கி இடிந்து ஒரு குழந்தை இறந்தது. அவ்வளவு பெரிய நடுக்கம் லாஸ் ஏஞ்சலஸுக்கு அடியில் வந்திருந்தால் நிலைமை வேறு, இங்கே வீடுகள் குறைவாக இருந்ததால் சாவும் குறைவு. தங்கும்போது கட்டிலுக்குப் பக்கத்தில் செருப்பு வைத்துக்கொள்வேன், கண்ணாடி உடைந்து கிடந்தால் வேண்டும் என்று. தேளுக்கும் அந்தச் செருப்பை ஒரு தடவை உதறிப் போடுவது நல்லது.

"ஊருக்குள்ள குழாய்த் தண்ணி எங்கிருந்து வருது? குடிக்கலாமா?"

குடிக்கலாம். ஆனால் இதன் கதை நம் ஊர் போர்வெல்காரர்கள் கேட்கவேண்டிய கதை. யக்கா வேலி நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சி, 1940களிலிருந்து 1990கள் வரை மட்டம் சில இடங்களில் 300 அடி வரை இறங்கிவிட்டது. 1990களின் நடுவில் வட கலிஃபோர்னியாவின் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்து குளங்களில் விட்டு நிலத்துக்குள் இறக்கினார்கள். மட்டம் வேகமாக ஏறியது, எல்லோருக்கும் சந்தோஷம், ஆனால் ஏறிய தண்ணீர் பல வருஷமாக வீட்டுச் செப்டிக் தொட்டிகளிலிருந்து மண்ணில் இறங்கி நின்றிருந்த நைட்ரேட்டைத் தொட்டுக் கிணறுகளுக்குள் கொண்டுவந்துவிட்டது. கடைசியில் செப்டிக் தொட்டிக்குத் தடை, ஊருக்குப் பாதாளச் சாக்கடை, வீட்டுக்காரர்களுக்குப் பெரிய பில்.

"அங்க அஞ்சு ஏக்கர் சீப்பா இருக்காம். வாங்கி ஏர்பிஎன்பி விடலாமா அண்ணா?"

கொரோனா காலத்தில் எல்லோருக்கும் இதே யோசனை வந்தது. விலை ஏறியது, வாடகை வீட்டில் இருந்த உள்ளூர்க்காரர்கள் இடம் தேடி அலைந்தார்கள், இப்போது இதைப் பேசினால் யக்கா வேலி காபிக்கடையில் முகம் திருப்பிக்கொள்வார்கள். கவுண்டியும் நகராட்சிகளும் குறுகிய கால வாடகைக்கு உரிமம் கேட்கின்றன, விதிகள் ஊருக்கு ஊர் வேறு.

வாங்கியே தீருவேன் என்றால் முதலில் தண்ணீர்க் குழாய் நிலம்வரை வருகிறதா என்று பாருங்கள். பல சீப் துண்டுகளுக்கு வராது, லாரியில் கொண்டுவந்து ஊற்றவேண்டும். சாலை மண் சாலையாக இருக்கும், அதைப் போட்டுக்கொள்வதும் உங்கள் பொறுப்பு. நடுவில் ஜாஷுவா மரம் நின்றால் உங்கள் நிலமே ஆனாலும் இஷ்டத்துக்கு வெட்ட முடியாது, 2023இல் மாநிலம் அதற்குத் தனிச் சட்டம் போட்டது, அனுமதியும் கட்டணமும் வேண்டும். செத்து விழுந்த மரத்துக்கும் கேட்டுவிட்டுத்தான் கை வைக்கவேண்டும். என் நண்பர் ஒருவர் வாங்கிய ஐந்து ஏக்கரில் 11 மரங்கள், வீட்டுப் படத்தை மூன்று தடவை மாற்றி வரைந்தார், இன்னும் அஸ்திவாரம் தோண்டவில்லை. வார இறுதியில் போய் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டு வருகிறார்.